கலசம் வரைக்கும் பார்த்த வெள்ளிக்கிழமை பாய்

எங்கள் ஊர்ச் சிவன் கோவில் கலசத்தை இந்த உலகத்திலேயே அதிக நேரம் உற்றுப் பார்த்தவர் ஒரு முஸ்லிம். கோவில் குருக்கள்கூட அந்த அளவுக்குப் பார்த்திருக்க மாட்டார். குருக்களுக்குக் கலசத்துக்குக் கீழே செய்ய வேண்டிய வேலை நிறைய இருந்தது. இவர் பார்த்ததும் ஊரில் நின்று அல்ல. கடலுக்கு அந்தப் பக்கம், அரபு நாட்டு மணல் காட்டுக்கு நடுவே, ஒரு தகரக் கூரை அறையில் உட்கார்ந்து வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பார்த்தார். கலசத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் அவருக்கு வருஷக்கணக்கில் கொடுத்துவைக்கவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. பாஸ்போர்ட்டில் ஏதாவது இருந்திருக்கும். ஊரில் எல்லோருக்கும் அவர் வெள்ளிக்கிழமை பாய்தான். பிள்ளைகளே, ஜும்ஆ தொழுகைக்குத் தவறாமல் போகிறவர் என்பதால் அந்தப் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படிப் பார்த்தால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரை வைக்க வேண்டியிருக்கும். இவர் எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் முதலில் "வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு" என்று ஆரம்பிப்பார். துணி துவைப்பது வெள்ளிக்கிழமைதான். முடி வெட்டிக்கொள்வது வெள்ளிக்கிழமைதான். மீன் குழம்பு, தூக்கம், அழுகை, ஊர் நினைப்பு எல்லாமே அவர்களுக்கு வெள்ளிக்கிழமைதான். மற்ற ஆறு நாளும் அவர் லாரி ஓட்டினார்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் அதிராம்பட்டினத்துக்கும் நடுவே இருக்கிறது. ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் உப்புக் காற்று. அந்த நாளில் வீட்டுக்கு ஒருத்தராவது சிங்கப்பூரிலோ துபாயிலோ சவுதியிலோ இருந்தார்கள். நான் எங்கும் போகவில்லை. பத்தாவது வரை படித்து, டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் பண்ணி, கடைத்தெரு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணமாகி, என் மூத்த பெண் தொட்டிலில் கிடந்த சமயம் அது.

அச்சக முதலாளியை ஊரே பிரஸ்காரர் என்று கூப்பிடும். கல்யாணப் பத்திரிகை அடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. யார் பெயருக்குக் கீழே யார் பெயர் வர வேண்டும், எந்தச் சித்தப்பாவுக்குப் பெரிய எழுத்து, எந்த மாமாவுக்குச் சின்ன எழுத்து என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரே ஒரு முறை ஒரு தாய்மாமன் பெயர் விட்டுப்போனது. அந்த மனிதர் மண்டபத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, முகூர்த்த நேரம் முடிகிற வரைக்கும் அசையவில்லை. அன்றிலிருந்து பிரஸ்காரருக்கு யார் பெயரையும் விடுவதென்றால் குலை நடுங்கும்.

அவர்தான் அச்சகத்தில் பாதியைத் தடுத்து, நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, பிரவுசிங் சென்டர் ஆரம்பித்தார். உங்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். அப்போது இன்டர்நெட் டெலிபோன் ஒயர் வழியாக ஊர்ந்து வரும். யாராவது போனைத் தூக்கிவிட்டால் அறுந்து போகும். திரும்ப முதலிலிருந்து கூப்பிட வேண்டும். கொஞ்ச நாளில், வெளிநாட்டில் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று ஊர்ச் செய்திக்கென்று ஒரு வெப்சைட்டும் தொடங்கினார். நல்ல மனசு. என்ன செய்தார் என்றால், கல்யாணப் பத்திரிகை அடித்த அதே கையால் வெப்சைட்டையும் செய்தார்.

முதலில் கோபுரம். எதிர் மாடியில் ஏறி நின்று அவரே எடுத்த படம். கலசத்திலிருந்து வாசல்படி வரைக்கும் திரை முழுக்க வரும். படம் எடுக்கிற நேரம் பார்த்து வாசலில் ஒரு ஆடு வந்து நின்றுவிட்டது. இவர் மாடியிலிருந்து சூ சூ என்று கத்தியும் அது போகவில்லை. அந்த ஆட்டை மட்டும் அழிக்க முடியாதா என்று என்னிடம் பல தடவை கேட்டார். எனக்கு அந்த வித்தை தெரியாது. கோபுரத்துக்குக் கீழே "வருக வருக" என்று கண் சிமிட்டுகிற எழுத்து. அதற்குக் கீழே ஊர்ப் பெரியவர்களின் படங்கள், பத்திரிகையில் பெயர் போடுகிற அதே வரிசையில். ரைஸ்மில்காரர், நகைக்கடைக்காரர், பழைய பஞ்சாயத்துத் தலைவர் என்று போகும். பக்கம் திறந்ததும் நாதஸ்வரம் தானாக வாசிக்கும். இவ்வளவும் ஆன பிறகு, பந்தி முடிந்து எழுந்து வருகிறவனுக்கு வெற்றிலைபாக்கு கொடுப்பது மாதிரி, அடியில் செய்தி இருக்கும். அதை டைப் அடித்துப் போடுவது நான்.

இந்தப் பக்கத்தைப் பிரஸ்காரர் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை திறந்து பார்த்துப் பூரித்துப் போவார். எங்கள் கம்ப்யூட்டரில் அந்தப் படங்கள் ஏற்கெனவே தங்கியிருந்ததால் சட்டென்று திறந்துவிடும். உலகம் முழுக்க அப்படித்தான் திறக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

இப்படியே நாலு வருஷம் ஓடிய பிறகுதான் வெள்ளிக்கிழமை பாய் இரண்டு மாத லீவில் ஊருக்கு வந்தார். ஒருநாள் சாயங்காலம் அஸர் தொழுகை முடித்துவிட்டுக் கடைக்குள் வந்தார். செருப்பை வாசலில் விட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து மேஜையில் வைத்தார்.

நிஜத் தக்காளி இல்லை. சமையலறையில் கேக் வேகிற நேரத்தைப் பார்க்கிற பிளாஸ்டிக் தக்காளி. இடுப்பைப் பிடித்துத் திருகிவிட்டால் டிக் டிக் என்று ஓடி, நேரம் முடிந்ததும் கிர்ர் என்று கத்தும். பாய் இருந்த அறையில் பத்துப் பேர். எல்லோருக்கும் சேர்த்து, கம்பெனி கழித்துப் போட்ட ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். யார் எவ்வளவு நேரம் உட்காருவது என்று சண்டை வராமல் இருக்க, பக்கத்தில் இந்த மாதிரி ஒரு தக்காளியை வைத்திருந்தார்கள். அது கத்தினால் எழுந்துவிட வேண்டும். ராஜாவாக இருந்தாலும் எழுந்துவிட வேண்டும்.

அந்தப் பழக்கம் ஊருக்கு வந்தும் பாயை விடவில்லை. தக்காளியைத் திருகி வைத்துவிட்டு எங்கள் பக்கத்தைத் திறந்தார். அவர் உட்கார்ந்தது மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில். அதில் யாரும் எங்கள் பக்கத்தைத் திறந்ததே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கலசம் வந்தது. தக்காளி கத்தியது. எழுந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் உட்காருங்கள் பாய், யாரும் இல்லையே என்றேன்.

"இல்ல தம்பி, என் நேரம் முடிஞ்சுபோச்சு. அடுத்த ஆளு உக்காரட்டும்."

அடுத்த ஆள் என்று அங்கே ஒரு பல்லிதான் இருந்தது.

தக்காளியை அவர் எல்லா இடத்துக்கும் கொண்டுபோனார். முடிதிருத்தும் கடையில் கண்ணாடிக்கு முன்னால் வைத்தார். பாதித் தலை வெட்டியிருந்தபோது அது கத்தியது. பாய் துண்டை உதறிவிட்டு எழுந்ததாகவும், கடைக்காரர் தெரு வரைக்கும் துரத்தி வந்து மீதியை வெட்டியதாகவும் சொல்வார்கள். கல்யாண விருந்தில் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். தொல்லை தாங்காமல் அவருடைய லாத்தா, அதாவது அக்கா, தக்காளியைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தார். வந்த சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் அரிசிப் பானை கிர்ர் என்று கத்தியது.

பாய் கடைக்கு வந்த அந்த முதல் நாளே பிரஸ்காரர் உள்ளேயிருந்து வந்து, துபாய்க்காரர் ஒருவர் நம் பக்கத்தைப் பார்க்கிறார் என்றதும் முகமெல்லாம் மலர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நம்ம சைட்டு எப்படி இருக்கு என்று கேட்டார்.

"கலசம் ரொம்ப அருமையா இருக்குண்ணே."

"கோபுரம்?"

"அது இன்னும் வரலண்ணே. நாலு வருசமா வந்துக்கிட்டிருக்கு."

பிரஸ்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. இங்கே நொடியில் திறக்கிறதே என்று தன் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். பாய் அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டவர் போல, கோபுரத்துக்கு இத்தனை நிலை உண்டா என்று கேட்டது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய மாதிரி ஆயிற்று. பிறகு பாய் பொறுமையாகச் சொன்னார். அறையில் பத்துப் பேரும் இந்தப் பக்கத்தை நம்பித்தான் வெள்ளிக்கிழமையை ஓட்டுகிறார்கள். ஒருத்தர் திருத்துறைப்பூண்டி பக்கம், ஒருத்தர் பாபநாசம், மற்றவர்கள் நம் ஊரும் சுற்று ஊரும். இவர் லீவில் கிளம்பும்போது எல்லோரும் சேர்ந்து ஒரு பொறுப்பு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். தக்காளி கத்துவதற்குள் ஊர்ச் செய்தி கண்ணில் படுகிற மாதிரி அந்தப் பக்கத்தை மாற்றிவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் அறைக்குள் விடமாட்டார்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு தினமும் வந்தார்.

சரி, உங்களுக்கு என்னதான் வேண்டும், சொல்லித் தொலையுங்கள் என்றார் பிரஸ்காரர். அங்கேதான் பாய் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டார். நீங்களோ நானோ என்றால் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்திருப்போம்.

"நான் சொன்னா அது எனக்கு வேண்டியதுண்ணே. படிக்கிறவங்க என்ன தேடுறாங்கன்னு கேட்டுட்டு வந்து சொல்றேன்."

கேட்கப் போன இடம் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத். வெளிநாட்டிலிருந்து வருகிற போனை வாங்கி, வீட்டாரைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். மனைவிமாரும் தாய்மாரும் வந்து கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசிவிட்டுப் போவார்கள். பாய் வாசலில் நின்றுகொண்டு, வெளியே வருகிறவர்களிடம் அவர் முதலில் என்ன கேட்டார் என்று விசாரிக்க ஆரம்பித்தார். ஒரு பெண்மணி நின்று அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அதை உங்ககிட்ட சொல்றதுக்கா அவரு அங்கேருந்து காசு செலவு பண்ணிப் பேசுறாரு?"

பூத்காரர் பாயைப் போலீசில் பிடித்துக் கொடுப்பதாக மிரட்டினார். பாய் அவருக்குத் தினமும் டீ வாங்கிக் கொடுத்து சமாதானம் செய்தார். போகப் போகச் சனங்களே நின்று சொல்ல ஆரம்பித்தார்கள். மழை பெய்ததா என்று கேட்டாராம். மேட்டூர் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டதா, நாற்று விட்டாயிற்றா என்று கேட்டாராம். யார் வீட்டில் மவுத், அதாவது சாவு, யார் வீட்டில் கல்யாணம் என்று கேட்டாராம். சென்னை ரயில் நம் ஊரில் நிற்கிறதா என்று கேட்டாராம். மந்திரி என்ன பேசினார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரு சிங்கப்பூர்க்காரர் மட்டும் ஒவ்வொரு தடவையும் முதலில் நாயைத்தான் விசாரித்தார். அவர் மனைவி அதைச் சொல்லிவிட்டு, அதற்கும் ஒரு பக்கம் போடுங்கள் என்று கோபமாகப் போனார்.

கடைசியில் தன் உம்மாவையே கூப்பிட்டு வந்தார் பாய். அந்த அம்மா வாய்க்கால் கரையில் ஒரு வீட்டில் ஆடு வளர்த்துக்கொண்டு தனியாக இருந்தார். எழுத்து தெரியாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை இதில் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். உம்மா முந்தானையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, கொஞ்சம் யோசித்தார்.

"உம்மா நல்லா இருக்கேன்னு போடு வாப்பா. வேறென்ன இருக்கு."

ஆட்டைக் கட்டவில்லை என்று சொல்லி உடனே எழுந்துவிட்டார். தக்காளிக்கு வேலையே வைக்கவில்லை.

அடுத்தது டீக்கடை. அங்கே பாய் நடத்தியது ஒரு பெரிய மாநாடு. டீக்கடைத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, இதுதான் நம் பக்கம் என்றார். மேலே ஒரு பருப்பு வடையை வைத்து, இது மழையும் தண்ணீரும் என்றார். அதற்குக் கீழே இரண்டு போண்டா, நல்லதும் கெட்டதும். கல்யாணம் ஒன்று, மரணம் ஒன்று. பக்கத்தில் ஒரு பிஸ்கட், பஸ்ஸும் ரயிலும். ஓரத்தில் ஒரு பெரிய வாழைக்காய் பஜ்ஜி, அது அரசியல். கூடி நின்ற ஆறேழு பேரும் ஆளாளுக்கு வடையைக் கீழே இறக்கி, போண்டாவை மேலே ஏற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு சூடாகிப் போய்க்கொண்டிருக்கும்போது பாய் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். தட்டில் என்ன குறைகிறது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. டீக்கடைக்காரர்தான் கடைசியில் சொன்னார், பஜ்ஜியைக் காணோம். தின்றவர் என் முதலாளி பிரஸ்காரர். பேச்சு சுவாரஸ்யத்தில் கை தானாகப் போய்விட்டது.

"அரசியல நீங்களே தின்னுட்டீங்க. போனதே ஒருத்தருக்கும் தெரியல பாத்தீங்களாண்ணே."

அன்றைக்குப் பிரஸ்காரர் பாதி இறங்கி வந்தார். செய்தியை மாற்றி அடுக்கலாம், நாதஸ்வரத்தை எடுத்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பெரியவர்கள் படத்தை எப்படி எடுப்பது? தாய்மாமன் நாற்காலி அவர் கண் முன்னால் வந்து நின்றது. ஊரில் நான் குடியிருக்க வேண்டாமா என்றார். பாயின் லீவும் கரைந்துகொண்டே வந்தது. படங்கள் இருக்கிற வரைக்கும் பக்கம் திறக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் இப்போது தெரிந்துவிட்டது.

பாய் நேராக ரைஸ்மில்லுக்குப் போனார். உங்கள் படம் வெளிநாட்டில் எப்படித் தெரிகிறது என்று வந்து பாருங்கள் என்று மில்காரரை அழைத்தார். மில்காரர் சலவை வேட்டி கட்டி, செண்ட் போட்டுக்கொண்டு, கூட இரண்டு பேரை அழைத்துக்கொண்டு வந்தார். பாய் முன்கூட்டியே என்னிடம், அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஞாபகத்தில் வைத்திருந்ததை எல்லாம் அழிக்கச் சொல்லியிருந்தார். மற்ற மூன்றிலும் ஆள் உட்காரவைத்து லைனை இன்னும் மந்தமாக்கினார். தக்காளியைத் திருகினார்.

எல்லாப் படங்களும் ஒரே சமயத்தில் மேலேயிருந்து வரத் தொடங்கின. கலசம் வந்தது. வரிசையாக எல்லாப் பெரியவர்களின் உச்சந்தலையும் வந்தது. மில்காரருக்கு வழுக்கை. அது பளபளவென்று நிறுத்தி நிதானமாக வந்தது. பிறகு நெற்றி வந்தது, திருநீறு வந்தது. புருவம் வருகிற இடத்தில் தக்காளி கத்தியது. பாய் பணிவாக நாற்காலியைப் பிடித்து, எழுந்துகொள்ளலாம் என்பது போல நின்றார்.

"ஏன் பாய், மூஞ்சி எப்ப வரும்?"

"அடுத்த வெள்ளிக்கிழமைதாண்ணே. ஆனா அன்னைக்கும் திரும்ப வழுக்கையிலேருந்துதான் ஆரம்பிக்கும்."

மில்காரர் திரையில் நின்ற தன் வழுக்கையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எங்க மாப்பிள்ளை துபாய்ல இருக்காரே. அவரும் இதைத்தான் பாக்குறாரா?"

"எல்லா வீட்டு மாப்பிள்ளையும் இதைத்தாண்ணே பாக்குறாங்க."

இன்றைக்கே என் படத்தை எடுத்துவிடு என்று சொல்லிவிட்டு மில்காரர் துண்டால் தலையை மூடிக்கொண்டு வெளியே போனார். அன்று மாலைக்குள் செய்தி பரவிவிட்டது. நகைக்கடைக்காரர் வந்தார், பழைய தலைவர் வந்தார். எல்லோருக்கும் தன் படத்தை முதலில் எடுக்க வேண்டும். ஜூனியர் ஒருவர் படத்தை எனக்கு முன்னால் எப்படி எடுக்கலாம் என்று தலைவர் சண்டைக்கு வந்தார். பிரஸ்காரர் திணறிப்போய், பத்திரிகையில் பெயர் போடுகிற அதே வரிசையில் ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். நானும் மரியாதையாக அப்படியே எடுத்தேன்.

கோபுரம் மட்டும் மிஞ்சியது.

அதில் பிரஸ்காரர் அசையவே இல்லை. அது அவர் எடுத்த படம். அதுவும் சாமி கோபுரம். ஊர்ப் பக்கம் என்றால் ஊர்க் கோபுரம் இல்லாமலா, அதை எடுத்தால் நான் பக்கத்தையே மூடிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். பாய் கிளம்புவதற்கு முந்தைய தினம் வரைக்கும் அப்படியே நின்றது. அன்று மத்தியானம் பாய் வந்து உட்கார்ந்தார். தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். திருகவில்லை. அவர் அவ்வளவு நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒருநாள்தான்.

"போன ஐப்பசில தண்ணி ஊருக்குள்ள வந்துச்சேண்ணே. போன் எல்லாம் செத்துப்போச்சு. டிவில தஞ்சாவூர் பக்கம் வெள்ளம்ங்கிறான், நம்ம ஊரு பேரு சொல்லல. உம்மா வீடு வாய்க்கால் கரையில. வெள்ளிக்கிழமை வந்துச்சு. ரூம்ல எல்லாரும் அவங்கவங்க நேரத்த எனக்கே குடுத்துட்டாங்க. தக்காளியத் திருகாமலே உக்காந்தேன். கலசம் வந்துச்சு. அதுக்குக் கீழ ஒரு நிலை வந்துச்சு. லைன் அறுந்துடுச்சு. திரும்பக் கலசத்துலேருந்து. அன்னைக்கு முழுக்க அப்படியே. ஒம்பது பேரும் எனக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே இருந்தாங்க."

தக்காளியைக் கைமாற்றிப் பிடித்தார். பிரஸ்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லீவுல வந்து இங்க பழைய செய்தியப் பாத்தேன். இங்க லைன் இல்லன்னு திருச்சி வரைக்கும் போயி அன்னைக்கே போட்டிருக்கீங்க. வாய்க்கால் கரை சனமெல்லாம் பள்ளிக்கூடத்துல இருக்காங்க, எல்லாரும் நலம்னு. ஒரே ஒரு வரி. அது கோபுரத்துக்குக் கீழ நின்னுக்கிட்டிருந்துருக்கு. எனக்குத்தான் வந்து சேரல."

பிரஸ்காரர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கோபுரத்த எடுத்து அடியில போடு. படமா வேணாம். 'கோபுரம் பாக்க இங்க தட்டவும்'னு எழுத்துல போடு. பாக்குறவன் பாத்துக்கட்டும்."

சொல்லிவிட்டு வாசலுக்குப் போய், கோவில் இருக்கிற பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு எனக்கு ஒரு புது வேலையும் கொடுத்தார். பக்கத்தின் உச்சியில், கலசம் இருந்த இடத்தில், தினமும் ஒரு வரி நான் எழுத வேண்டும். ஊர் எப்படி இருக்கிறது என்று. முதல் வரி எழுத எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. "இன்று மழை இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. வாய்க்கால் கரை உட்பட எல்லோரும் நலம்." பாய் அதைப் பார்த்து, "உட்பட" என்ற வார்த்தை மட்டும் கொஞ்சம் தாசில்தார் ஆபீஸ் மாதிரி இருக்கிறது என்றார். ஆனாலும் எடுக்கவிடவில்லை.

மறுநாள் அவர் திருச்சிக்கு விமானம் ஏறக் கிளம்பினார். வேன் எங்கள் கடை வாசலில் நின்றது. தக்காளியை என் மேஜையில் வைத்து, புதிதாக எது போட்டாலும் இதைத் திருகி வைத்துப் பாருங்கள் தம்பி என்றார். பிரஸ்காரரும் அவரும் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை எங்களுக்கு வேலையே ஓடவில்லை. அங்கே திறந்ததோ இல்லையோ என்ற கவலை. பிரஸ்காரர் எஸ்.டி.டி. பூத்துக்கும் கடைக்கும் நடந்துகொண்டே இருந்தார். சாயங்காலம் பூத்காரர் வந்து, துபாய்ப் போன் என்று கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடிக் கூண்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். ரிசீவரை நடுவில் பிடித்துக்கொண்டு காதை வைத்தோம்.

திறந்துவிட்டதாம். மழை படித்தார்களாம், தண்ணீர் படித்தார்களாம். ஒரு மவுத்துக்கு எல்லோரும் கையேந்தி துஆ செய்தார்களாம். திருத்துறைப்பூண்டிக்காரர் தன் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்த செய்தியை இரண்டு தடவை சத்தமாக வாசித்தாராம். எல்லாம் முடிந்தும் தக்காளி கத்தவில்லையாம். மிச்ச நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் முழித்தார்களாம்.

"அப்புறம் என்ன பண்ணீங்க பாய்?" என்றார் பிரஸ்காரர்.

"கோபுரத்தத் தட்டினோம்ணே. முறைக்கு முறை தக்காளிய மாத்தித் திருகி, முழுசா இறக்கிட்டோம். வாசப்படி வரைக்கும் பாத்தாச்சு. அடியில ஒரு ஆடு நிக்குதேண்ணே, யாரு வீட்டு ஆடு அது? ரூம்ல ஒரே சண்டையா இருக்கு. ஆளாளுக்கு எங்க வீட்டு ஆடுங்கிறாங்க."

அந்தப் படம் எடுத்துப் பல வருஷமாகிவிட்டது. அந்த ஆடு யாருடையது என்று பிரஸ்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எத்தனையோ பக்ரீத் வந்து போய்விட்டது. பிரஸ்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"உங்க உம்மா வளத்த ஆடுதான் பாய். காத நல்லா பாருங்க, தெரியும்."

பாய் ரிசீவரை அப்படியே விட்டுவிட்டு அறையில் இருந்தவர்களைப் பார்த்துக் கத்துவது கேட்டது. நம்ம வீட்டு ஆடுடா, நம்ம வீட்டு ஆடுதான் என்றார்.

பிரஸ்காரர் அதற்குப் பிறகு அந்த ஆட்டை அழிக்கச் சொல்லி என்னிடம் கேட்டதே இல்லை.